தார் ஷீட்டுக்கு அடியில்

பின்சீட்டைக் கழற்ற இரண்டு ஆம்பிளைகள் போதவில்லை. வெர்லின் ஒரு கதவு வழியாகவும் அவன் சிநேகிதன் காஸ் இன்னொரு கதவு வழியாகவும் பாதி உடம்பை வண்டிக்குள் நுழைத்து, முட்டியால் அமுக்கி, முன்னால் இழுத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியும் ஆயிற்று. சீட் அசைந்து கொடுக்கவில்லை. பதினைந்து வருஷம் தார்ப்பாயின் கீழே கிடந்த வண்டி, சும்மா வருமா?

வெர்லினின் பெண்டாட்டி நடீன் கராஜ் வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் பிளாஸ்டிக் குழாய், காலடியில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர், மடியில் காலி ஜாம் பாட்டில்கள். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பாட்டிலுக்குள் போகும். எங்கிருந்து கழற்றியது என்று டேப்பில் எழுதி ஒட்டுவது அவள் வேலை. 'இடது கதவு, மேல் கீல், மூன்று' என்று அப்போதுதான் ஒன்று எழுதி முடித்திருந்தாள். காஸ் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிலிண்டர் கராஜில் இருக்கிறவரை ஒரு தீக்குச்சி உரசக்கூடாது என்பது சட்டம்.

"மொதல்ல பின்னாடி தள்ளணும். அப்புறம்தான் முன்பக்கத்தத் தூக்கணும்," என்றாள் நடீன். "பதினோரு வருசம் சீட்டு தச்சவ இங்கன குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன். என்னை ஒரு வார்த்த கேக்காம ரெண்டு பேரும் மல்லுக்கட்டுங்க."

"மகராசி, இத அரைமணி முன்னாடி சொன்னா என்ன?" என்றான் காஸ்.

"நீங்க திட்டுறது நல்லா இருந்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பின்னால் தள்ளினார்கள், தூக்கினார்கள். கொக்கி விட்டு சீட் எழும்பியது. எலி கடித்த பஞ்சு கொத்தாக உதிர்ந்தது. கூடவே ஒரு ஹேர்பின், இரண்டு நாணயம், நிறம் போன ஒரு ரப்பர் வளையம். ஹேர்பின் தன்னுடையது என்று நடீனுக்குத் தெரிந்தது. அது எந்த வருஷத்தில் விழுந்தது என்றும் ஏறக்குறைய தெரியும். காஸ் முன்னால் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் அவள் கண் புருஷன் மேல்தான் இருந்தது. மூன்று வாரமாக இந்த மனுஷன் ஒரு மாதிரி இருக்கிறான். டிசம்பரில் அவன் வேலை பார்க்கிற கார்த் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஆகஸ்டில் அங்கேயே மைதானத்தில் ஒரு கண்காட்சி. அந்தத் தொழிற்சாலையில் பிறந்த பழைய வண்டிகளெல்லாம் வரப்போகின்றன, அதற்காகப் பச்சை வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்றான். சரி, ஆசை. ஆனால் கண்காட்சிக்குப் புதுப்பிக்கிறவன் துருவைப் பார்ப்பான், பெயிண்டைப் பார்ப்பான், அந்த எட்டு சிலிண்டர் இன்ஜின் திரும்புகிறதா என்று பார்ப்பான். இவன் இன்ஜின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சீட்டின் அடிப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"அடேய், சாமி!" என்று காஸ் கத்தினான். சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு காகிதம் சிக்கியிருந்தது. இரண்டு விரலால் மெல்ல உருவி எடுத்தான். தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வண்டி கூடவே நகர்ந்து வரும் தாள் அது. என்ன இன்ஜின், என்ன நிறம், யாருக்குப் போகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அதை சீட்டுக்குள் சொருகிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். "இந்த ஒரு தாளுக்காக மனுசன் உசுர விடுவான்டா, மலைக்காட்டான்! இங்க பாரு, ஊழியர் ஆர்டர், டென்சில் டாக்கெட். அச்சடிச்ச மாதிரி இருக்கு!"

வெர்லின் ஒரு பார்வை பார்த்தான். "இது இல்ல."

"எது இல்ல?" என்று கேட்டாள் நடீன்.

அவன் மறுபடி டார்ச்சோடு உள்ளே குனிந்தான்.

"வெர்ல். என்னத்தத் தேடுற? சொல்லிட்டுத் தேடு. இல்லேன்னா இந்த பாட்டில எல்லாம் கவுத்துருவேன். எந்த போல்ட் எந்தக் கதவுதுன்னு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ உருட்டிக்கிட்டு இருப்ப."

கவிழ்க்கக்கூடியவள்தான். வெர்லின் வெளியே வந்து பம்பரில் உட்கார்ந்தான். கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினான். உறையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

கடிதம் தொழிற்சாலையின் பென்ஷன் பிரிவிலிருந்து வந்தது. வெர்லின் டாக்கெட் வேலையில் சேர்ந்தது 1970 அக்டோபர். மூடுகிற தேதிக்கு இருபத்தொன்பது வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. முழுப் பென்ஷனுக்கும், கணவன் மனைவி இருவருக்குமான மருத்துவ அட்டைக்கும் முப்பது வருஷம் தேவை. ஆகவே வருந்துகிறோம்.

நடீன் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். மருத்துவ அட்டை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் காலடியில் நிற்கிற சிலிண்டர் அந்த அட்டை. வாரா வாரம் அதை மாற்ற வருகிற ஆள் அந்த அட்டை. தையல் பிரிவில் பசைப் புகைக்கு நடுவே பதினோரு வருஷம் இருந்து வாங்கிய நெஞ்சு, மாதம் ஒரு தரம் டாக்டர் வைத்துக் கேட்கிற அந்த நெஞ்சு, அதுவும் அந்த அட்டைதான்.

"மூணு வாரமா இத வச்சுக்கிட்டு என் முன்னாடி பீன்ஸும் சோள ரொட்டியும் தின்னுக்கிட்டு இருந்திருக்க," என்றாள். "எனக்கு இத சொல்லணும்னு தோணலயா?"

"சொல்லி என்ன பண்ண? உனக்கு மூச்சு வாங்கும்."

"இப்ப மட்டும் வாங்கலயா?"

காஸ் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஆனா நீ அறுபத்தொம்பதுலயே உள்ள வந்துட்டியே, மலைக்காட்டான். நான் வண்டித் தகடு தட்டுற கடைக்கு முன்னாடி நீ டிபன் டப்பாவோட போவியே. எனக்கே தெரியும்."

"போனது நான். பேரு அண்ணனோடது."

கதை நடீனுக்குத் தெரிந்ததுதான். கென்டக்கி மலைகளிலிருந்து வேலை தேடி வந்தவன் அண்ணன் டென்சில். மருத்துவப் பரிசோதனை முடித்து, பேட்ஜ் வாங்கி, ஒரு வாரம் வேலை பார்த்தான். மலையில்லாத ஊரில் தூக்கம் வரவில்லை என்று திரும்பிப் போய்விட்டான். கிடைத்த வேலையை விடலாமா? பேட்ஜைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தம்பிக்கு அப்போது பதினேழு. பதினெட்டு ஆகாதவனை எடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே காது. போர்மேனுக்கு விஷயம் தெரியும். "டென்சில்னு கூப்ட்டா திரும்பிப் பாரு. அது போதும்," என்றாராம். பதினொரு மாதம் டென்சில் என்று கூப்பிட்டதற்கெல்லாம் வெர்லின் திரும்பிப் பார்த்தான். பதினெட்டு முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை டென்சில் வேலையை விட்டான். திங்கட்கிழமை வெர்லின் சேர்ந்தான். அந்த போர்மேன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. டென்சில் எழுபத்துமூன்றில் ஊர்ச் சுரங்கத்தில் கூரை இடிந்து செத்துப்போனான்.

"எனக்கு மொதல் முத்தம் குடுத்தது டென்சில்தான்," என்றாள் நடீன் காஸிடம். "மூணு மாசம் கழிச்சுத்தான் வெர்லின்னு ஒருத்தன் இருக்கான்னே தெரிஞ்சுது. சரி, அதுக்கும் சீட்டுக்கும் என்ன?"

வெர்லின் தரையைப் பார்த்தபடி சொன்னான். "இந்த வண்டிய ஊழியர் தள்ளுபடில ஆர்டர் பண்ணேன். அண்ணன் பேர்லதான் பண்ண முடிஞ்சுது. அது லைன்ல எங்கிட்ட வந்தப்ப என்னமோ ஒரு வேகம். எல்லாரும் என்னை டென்சில் டென்சில்ங்கிறான். வண்டியும் டென்சில்ங்குது. சாக்பீஸ எடுத்து என் பேர எழுதிட்டேன். யாரும் பாக்காத எடத்துல. சீட்டுக்கு அடியிலன்னு நல்லா ஞாபகம் இருக்கு. அது கெடச்சா அவனுங்க மூஞ்சில காட்டலாம்னு பாத்தேன்."

மூவரும் சேர்ந்து தேடினார்கள். சீட்டின் அடிச்சட்டம், முதுகுப்பக்க அட்டை, பக்கவாட்டுத் தகடு என்று ஒன்றையும் விடவில்லை. நடீன்கூட சிலிண்டரை இழுத்துக்கொண்டு கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். சீட் இருந்த இடத்தில் கறுத்துப்போன தார் ஷீட் தரைத்தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. சத்தமும் சூடும் உள்ளே வராமல் இருக்கப் போடுவது. வேறு எதுவும் இல்லை.

வெர்லின் டார்ச்சை அணைத்தான். "விடு. கனவு கண்டிருப்பேன்."

"என்ன மாசம் எழுதின?"

"மார்ச்."

நடீன் யோசித்தாள். ஒரு பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தாள். "நான் சேந்தது மே மாசம். நீ சீட் மாட்டுற எடத்துக்கு வந்ததே எனக்குப் பெறகுதானே? எங்கள சைட் அடிக்கத்தான் மாத்திக் கேட்டு வந்தேன்னு நீயே சொல்லியிருக்க. அப்ப மார்ச்சுல எங்க நின்ன?"

வெர்லினின் வாய் மெல்லத் திறந்தது.

"தார்," என்றான். "தார் ஷீட் விரிக்கிற எடத்துல நின்னேன். ஐயையோ, நடீன்! எழுதிட்டு அது மேல ஷீட்டப் போட்டேன். நானேதான் போட்டேன்!"

காஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "முப்பது வருசமா தன் பேர வண்டிக்குள்ளயே வச்சு மூடிட்டு மறந்துட்டான் பாரு!"

பெயிண்ட் அடுப்பில் போய் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்ட தாரைச் சுரண்டி எடுத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். அதற்கு வழி காஸுக்குத் தெரிந்திருந்தது. சந்தையில் மீன்காரனிடம் போய் டிரை ஐஸ் வாங்கி வந்தான். கட்டிகளைத் துணியில் சுற்றி உடைத்துத் தாரின் மேல் பரப்பினார்கள். வண்டிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கதவு வழியாக வழிந்து தரையில் ஓடியது. "நீ தள்ளி ஒக்காரு, அந்தப் புகை உனக்கு ஆகாது," என்று நடீனை வெர்லின் வெளியே நகர்த்தினான். அவள் ஒரு கஜம் நகர்ந்துவிட்டு அங்கிருந்து கழுத்தை நீட்டினாள்.

இருபது நிமிஷத்தில் தார் கண்ணாடி மாதிரி விறைத்துப்போனது. காஸ் சின்னச் சுத்தியால் ஓரத்தில் தட்டினான். ஒரு சில்லு தெறித்தது. இன்னும் தட்டினான். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பெயிண்டுக்கு முந்தின பூச்சு, சாம்பல் நிற பிரைமர். முப்பது வருஷத்தில் வெளிச்சமே பார்க்காத பிரைமர். அதில் மஞ்சள் மெழுகுச் சாக்பீஸில் ஒரு கோடு தெரிந்தது.

"நிறுத்து," என்றான் வெர்லின். சுத்தியை அவன் வாங்கிக்கொண்டான். மீதியை நகத்தாலும் மரக்கரண்டியாலும் எடுத்தான். எடுக்க எடுக்க அவன் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் பின்னால் நகர்ந்து நடீனுக்கு வழிவிட்டான்.

பதினேழு வயதுப் பையனின் கோணல் கையெழுத்து. 'நான் வெர்லின் டாக்கெட். டென்சில் இல்லை. மார்ச் 12, 70.' சில எழுத்துகளின் மேல் தார் மெல்லிய தோலாக இன்னும் ஒட்டியிருந்தது.

நடீன் அழுதாள். அழுதால் குழாய்க்குள் தண்ணீர் போய்விடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஷிஃப்டுக்கு முன்னால், வெர்லினும் நடீனும் பென்ஷன் பிரிவுக்குப் போனார்கள். அங்கே ப்ரென்டிஸ் என்ற அதிகாரி. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான ஆள். நடீனுக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அந்த எழுத்தை எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு," என்றார். "ஆனா இத எப்ப எழுதினாங்கன்னு எப்படிங்க சொல்றது? போன வாரம்கூட எழுதியிருக்கலாம். நீங்க எழுதினீங்கன்னு சொல்லல. சட்டம் அப்படித்தான் பாக்கும்."

"தாருக்கு அடியில இருந்துச்சுங்க," என்றாள் நடீன்.

"நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். பேப்பர் நம்பாதே." அவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு இருக்கு, மிஸ்டர் டாக்கெட். இது உண்மைன்னு வச்சுக்குவோம். அப்ப நீங்க பொய்ப் பேர்ல உள்ள வந்திருக்கீங்க. கம்பெனி வக்கீலுங்க அத எப்படிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. பதினோரு மாசத்தக் கேக்கப்போயி, மத்த வருசத்தையும் தோண்டிப் பாப்பாங்க. இத நான் ஃபைல்ல சேக்கட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

மேஜைமேல் போட்டோக்கள் இருந்தன. வெர்லின் அவற்றைப் பார்த்தான்; பிறகு நடீனின் சிலிண்டரைப் பார்த்தான். போட்டோக்களை ஒன்று சேர்த்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சேக்கச் சொல்லியிருக்கணும்," என்றாள் நடீன் வெளியே வந்ததும்.

"சொன்னா இருக்கறதும் போயிரும். யூனியன் ஆளும் அதத்தான் சொன்னான். வாயத் தொறக்காதன்னான்."

"முப்பது வருசம் தொறக்காமத்தானே இருந்தோம்," என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

வண்டியை அப்படியே விட்டுவிடலாம் என்றான் வெர்லின். நடீன்தான் விடவில்லை. "அவ்வளவு பாட்டில்ல பேர் எழுதி ஒட்டியிருக்கேன். எல்லா போல்ட்டும் அதது எடத்துக்குப் போகணும்," என்றாள். சனிக்கிழமை சனிக்கிழமையாக வேலை நடந்தது. காஸ் துருவில் அழுகின தகட்டை வெட்டிப் புதிது வைத்தான். தீப்பொறி பறந்த அன்றைக்கெல்லாம் நடீன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். இன்ஜினைத் திறந்து மூடினார்கள். பழைய பச்சையையே தேடிப்பிடித்து அடித்தார்கள். சீட் உறையை நடீன் தைத்தாள். அரைமணி தைப்பாள், ஒருமணி படுப்பாள். ஜூலையில் ஒருநாள் இன்ஜின் உறுமியதும் பக்கத்து வீட்டு நாய் கொட்டகைக்குள் ஓடிவிட்டது. எல்லாப் பக்கமும் புதுத் தார் ஷீட் போட்டார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் போட நடீன் சம்மதிக்கவில்லை.

"கண்காட்சில மார்க் கொறைப்பான்," என்றான் காஸ்.

"கொறைக்கட்டும்."

ஆகஸ்டில், மூடப்போகிற தொழிற்சாலையின் மைதானத்தில், இருநூறு வண்டிகள் வரிசையாக நின்றன. நுழைவாயிலில் நன்றி சொல்லும் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ப்ரென்டிஸ் கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வெர்லின் சலவைச் சட்டையில், எங்கே நிற்பது என்று தெரியாமல், வண்டியின் பின்பக்கம் நின்றான்.

நடுவர் எழுபது வயதுக் கிழவர். கோலின் முனையில் கண்ணாடி கட்டி வண்டியின் அடிவயிறெல்லாம் பார்த்தார். ஒவ்வொரு போல்ட் தலையையும் டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பின்சீட்டைத் தூக்கச் சொன்னார். காஸ் பின்னால் தள்ளித் தூக்கினான்.

"இங்க ஒரு தார் ஷீட்டக் காணோமே," என்று எழுதப் போனவர் நின்றார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். முட்டி போட்டு வண்டிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கை தட்டி மற்ற இரண்டு நடுவர்களையும் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்கப்பா! லைன்ல எழுதினது!"

"நேத்து யாராச்சும் எழுதியிருந்தா?" என்று கேட்டார் இன்னொருவர்.

"அதெப்படி முடியும்?" கிழவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மெழுகு பிரைமருக்குள்ள எறங்கியிருக்கு, பாருங்க. தார் உருகி எழுத்து மேல படிஞ்சிருக்கு. மொத்த வண்டியும் பெயிண்ட் அடுப்புக்குள்ள போனாத்தான் இப்படி ஆகும். தார் போடுறதுக்கு முன்னாடி, இதோ இந்தக் கட்டடத்துக்குள்ள எழுதினது. வேற எங்கயும் எப்பவும் எழுத முடியாது. கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்."

நடீன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "ஐயா, இப்ப சொன்னத எழுதித் தருவீங்களா?"

"பேஷா!" அவர் மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் சொன்னதையெல்லாம் எழுதினார். 1970 மார்ச், ஐயமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன்பக்கத்தில் தார் ஷீட்டுக்கான கட்டத்தில் முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நடீன் மைதானத்தைக் கடந்தாள். பத்து வண்டிக்கு ஒருதரம் நின்றாள். சிலிண்டரின் சக்கரம் தார்த்தரைப் பிளவுகளில் சிக்கிச் சிக்கி வந்தது. ப்ரென்டிஸ் அவளைப் பார்த்ததும் பாதி தூரம் எதிரே வந்து தாளை வாங்கி முழுவதும் படித்தார்.

"பிரமாதம்! வாழ்த்துக்கள்," என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நம்ம நினைவுப் புத்தகத்துக்கு இதவிட என்ன வேணும்?"

"இது அந்த ஃபைலுக்குங்க. பென்ஷன் ஃபைலுக்கு."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தார். "இது வண்டிக்குக் குடுத்த சர்டிபிகேட், அம்மா. ஆளுக்கு இல்லீங்களே."

அதற்குள் கம்பெனி போட்டோக்காரனைக் கூட்டிக்கொண்டு அவரே பச்சை வண்டிக்கு வந்துவிட்டார். தொழிற்சாலையின் நினைவாக வரப்போகிற புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் என்றார். நடீன் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தபோது போட்டோக்காரன் கதவோரம் முட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

"கீழ என்ன சார் போடறது?" என்று கேட்டான்.

ப்ரென்டிஸ் யோசித்தார். "'மார்ச் 1970. எங்கள் தொழிலாளி ஒருவரின் கையெழுத்து.' அது போதும்."

போட்டோக்காரன் கேமராவில் கண்ணை வைத்தான், உடனே எடுத்தான். வெர்லின் கதவுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சார், நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? உங்க நெழல் பேர் மேல விழுது."

வெர்லின் இரண்டடி தள்ளி நின்றான்.

"இன்னும் கொஞ்சம்," என்றான் போட்டோக்காரன்.

வெர்லின் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான்.